உதிரியும் முழமும்

1994-ஆம் வருடம். சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, தலை நிமிராமலே, "வுட் யூ மைண்ட் வெயிட்டிங் அவுட்சைட்?" என்றார். அந்த வாக்கியத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. மைண்ட் என்றால் மனம். லிப்கோ அகராதியில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுப் படித்தது. வெயிட்டிங், அவுட்சைட் எல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே பொறுக்கிய சொற்கள். பெரியவர்கள் ஒன்று கேட்டால் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவன் நான். "எஸ் சார்!" என்றேன் கம்பீரமாக.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். வெளியே காத்திருக்க உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று அவர் கேட்க, உண்டு ஐயா என்று சொல்லிவிட்டு, வெளியே போவதற்கு எழுந்தும் நின்றுகொண்டிருக்கிறேன்.

வேலை கிடைக்கவில்லை. அதற்கு அந்த ஒரு 'எஸ்'தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், என் தட்டச்சும் சுமார்தான். ஆனால் திண்டுக்கல் திரும்பும் பஸ்ஸில் விடிய விடிய அதே யோசனை. ஐந்து சொல்லும் தெரிந்தவனுக்கு வாக்கியம் ஏன் தெரியாமல் போயிற்று?

இன்று அதே திண்டுக்கல்லில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 1999-இல் ஆரம்பித்தது. பூட்டுக் கடை, தோல் ஷாப், லாரி புக்கிங் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று பல இடங்களிலிருந்து வேலை முடிந்து ஏழு மணிக்கு வருவார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு பூக்கார அக்கா. படியேறும் பெண்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உதிரியா, கட்டினதாம்மா?" உதிரி என்றால் எடை போட்டுத் தருவார், கட்டினது என்றால் முழம் போட்டு. பல வருடம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனவன், ஒருநாள் படியிலேயே நின்றுவிட்டேன். சென்னையில் நான் கை நிறைய உதிரிப்பூ வைத்திருந்தேன். ஒன்றையும் தலையில் வைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இது வகுப்பில் ஒரு குறிச்சொல் ஆகிவிட்டது. யாராவது தனிச்சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் மற்றவர்களே "உதிரியா, முழமா?" என்று கேட்டுவிடுவார்கள்.

முதல் நாள் நான் பாடம் எடுப்பதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து இந்த மாடி வரை நீங்கள் பேசிய, கேட்ட, போர்டில் பார்த்த ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள் என்பேன். பஸ், டிக்கெட், கண்டக்டர், லேட், சிக்னல், பஞ்சர், ரீசார்ஜ், பார்சல், டோக்கன், ஆஃபர். "நமக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது சார்" என்று சொல்லிக்கொண்டே வந்த பெட்டிக்கடைக்காரர் ஒருவர் எண்பதைத் தாண்டினார். பயம் அங்கேயே பாதி இறங்கிவிடும்.

இரண்டாம் நாள் அதே பட்டியலிலிருந்து சிலவற்றைப் பிடுங்கித் தனியே வைப்பேன். நம்மூரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், கடல் தாண்டினால் தங்குகிற இடம். லாரிக்காரர்கள் ஸ்டெப்னி என்பார்கள். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் பிறந்த மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. பிறந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் மறந்துவிட்டார்கள், நம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் ஸ்பேர் வீல் என்றுதான் கேட்க வேண்டும். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2016" என்றால் நமக்குப் படிப்பை முடித்த வருடம், வெள்ளைக்காரருக்கு மயங்கி விழுந்த வருடம். "ஐ ஹேவ் எ டவுட்" என்பது இங்கே பணிவான கேள்வி, அங்கே 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை' என்பது போல விழலாம். இவற்றைப் பிழை என்று சொல்லி அழிக்க எனக்கு இஷ்டமில்லை. இந்த டிக்கெட் எந்த ஸ்டாப் வரை செல்லும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், அவ்வளவுதான்.

நானும் குறைந்த சொற்களில் கரையேறிவிடலாம் என்று நம்பிய காலம் உண்டு. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-இல் 850 சொற்களைப் பொறுக்கியெடுத்து, அன்றாடத்துக்கு இவை போதும் என்றார். பேசிக் இங்கிலீஷ் என்று பெயர். வினைகள் வெறும் 18. கம், கோ, கிவ், கெட், புட், டேக் போல எல்லாம் குட்டிச் சொற்கள். படித்தபோது துள்ளினேன். நாளுக்குப் பத்து வீதம் மூன்று மாதத்தில் முடித்துவிடலாமே! பிறகுதான் ஓட்டை தெரிந்தது. புட் எளிது, அப் எளிது, வித் எளிது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. அந்த மூன்றில் எதைப் பிழிந்தாலும் பொறுமை சொட்டாது. 850 சொற்களை ஒன்றோடொன்று கட்டும்போது விழும் முடிச்சுகள் எத்தனை என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

எனக்கு நெருக்கமானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர், வங்காளப் பையன்களுக்கு ஆங்கிலம் எப்படிப் போய்ச் சேரும் என்பதிலேயே காலம் கழித்தவர். 1953-இல் வந்த அவருடைய பட்டியலில் சுமார் 2000 சொற்கள். அதில் நான் பார்த்து வியந்தது, ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று சதவீதம் போட்டிருந்ததுதான். சொல்லை எண்ணுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இவர் பட்டியல் பொருளை எண்ணியது. அந்தப் புத்தகம் 1994-க்கு முன் என் கைக்கு வந்திருந்தால் மைண்டை மனத்தோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இதுவரை நான்கு நோட்டு மாறிவிட்டது, அமைப்பு மாறவில்லை. அதில் ஏ, பி, சி வரிசை கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் நாம் அன்றாடம் பேசும் ஒரு தமிழ்ப் பேச்சு. 'கொஞ்சம் தள்ளுங்க' ஒரு பக்கம். 'சில்லறை இல்லையா' ஒரு பக்கம். 'போயிட்டு வரேன்', 'என்ன விசேஷம்', 'அப்புறம்?' என்று பக்கங்கள் போகும். அந்தத் தமிழைச் சொல்ல வாய் எடுக்கும் தருணத்தில் ஆங்கிலக்காரர் என்ன சொல்வார் என்பது கீழே.

எல்லாவற்றிலும் பெரியது 'பரவாயில்லை' பக்கம். கூட்டத்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். பரவாயில்லை. ஆங்கிலத்தில் "தட்ஸ் ஆல் ரைட்". காபி குடிக்கிறீர்களா என்கிறார்கள், வேண்டாம். பரவாயில்லை. "ஐ'ம் ஃபைன், தேங்க்ஸ்". குழம்பு எப்படி? பரவாயில்லை. "நாட் பேட்". உங்கள் புத்தகத்தை எடுத்துவர மறந்துவிட்டேன். பரவாயில்லை. "நெவர் மைண்ட்". பாருங்கள், மைண்ட் இங்கேயும் வந்து நிற்கிறது, மனம் எங்கும் இல்லை. பெயிலாகிவிடுவான் என்று நினைத்த பையன் எழுபது மார்க் வாங்கியிருக்கிறான். பரவாயில்லையே! அந்த 'ஏ' சேர்ந்ததும் ஆங்கிலம் "நாட் பேட் அட் ஆல்!" என்று புருவத்தைத் தூக்குகிறது. அகராதியில் பரவாயில்லைக்கு ஒரு சொல் தேடினால் இந்த ஐந்தில் நாலு இடத்தில் தப்பாகும். இத்தனைக்கும் அந்தப் 'பரவா' நம் சொல்லே இல்லை, பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. வந்த இடத்தில் இவ்வளவு வேலை பார்க்கிறது.

அடுத்தது சும்மா. "சும்மாதான் வந்தேன்" என்றால் "ஐ ஜஸ்ட் டிராப்ட் பை". "சும்மா சொன்னேன்" என்றால் "ஜஸ்ட் கிட்டிங்". "சும்மா இரு" என்று பிள்ளையை அதட்டினால் மட்டும் ஜஸ்ட் உதவாது, "ஸ்டாப் இட்" என்றுதான் சொல்ல வேண்டும். சும்மாவை மொழிபெயர்க்கவே முடியாது என்று மேடையில் பெருமையாகச் சொல்வார்கள். முழுசாக ஒரே சொல்லால் முடியாதுதான். இடம் இடமாகப் பிரித்தால் முடிகிறது.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன், என்னை அதிகம் படுத்தியது இதுதான். பிரியாணிக் கடை சப்ளையர் ஒருவர் படிக்க வந்தார். அவர் தமிழைக் கேட்டால் சாப்பிட்டு வந்தவனுக்கும் பசிக்கும். "அண்ணே, என்ன சாப்பிடுறீங்க, சூடா இப்பத்தான் இறக்கினாங்க" என்று குழைந்து பேசுவார். அவரை எழுப்பி, என்னை வாடிக்கையாளராக வைத்து ஆங்கிலத்தில் கேளுங்கள் என்றேன். "வாட் வான்ட்?" என்றார். ஒரே நொடியில் ரவுடி ஆகிவிட்டார். பாவம், மனசில் அதே அண்ணே, அதே குழைவுதான். 'றீங்க' என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லாததால் வழியிலேயே கொட்டிவிட்டது. தமிழில் மரியாதை வினையின் வாலில் ஒட்டியிருக்கிறது. கொடு, கொடுங்க. 'கொஞ்சம்' வேறு முன்னால் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது. "வாட் வுட் யூ லைக்?", "குட் ஐ ஹேவ்", "வுட் யூ மைண்ட்". நம்மவர்கள் ஆங்கிலத்தில் முரடாகத் தெரிவதற்குப் பண்புக் குறைவு காரணமில்லை, வாலைக் கழற்றியவர்கள் தலையைப் பூட்ட மறந்துவிடுகிறார்கள். சப்ளையருக்கு ப்ளீஸ் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். "கிவ் வாட்டர் ப்ளீஸ்" என்று சொல்லிப் பாருங்கள், கட்டளைக்குப் பொட்டு வைத்தது போல இருக்கும்.

இந்த இடத்தில்தான் வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்கிறவர்களோடு எனக்குச் சண்டை. தமிழ் பேசினால் அபராதம் போடும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதில்லை, ஊமையாகிறார்கள்.

தமிழை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 'போடு' ஒன்று போதும். "ஐ புட் சைன்", "தே புட் ஃபைட்", "புட் தி லைட்" என்று தோல் ஷாப் பையன்கள் சொல்வார்கள். திட்டுவதில்லை. போர்டில் எழுதுவேன்: சட்டை போடு, காபி போடு, கோலம் போடு, ஊசி போடு, கையெழுத்துப் போடு, கணக்குப் போடு, சண்டை போடு, லைட்டைப் போடு, கோழி முட்டை போடும், ஆடு குட்டி போடும். இப்போது வேற்றுமொழிக்காரர் ஒருவர் வந்து போடு என்றால் என்ன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கொஞ்ச நேரம் முழிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். நம் போடு மாதிரி அவர்களுக்கு கெட். "கெட் அப்", "கெட் வெல்", "கெட் மேரிட்", "கெட் தி பஸ்", "கெட் லாஸ்ட்". போடுவை நாம் யாரும் அர்த்தம் பார்த்துப் படிக்கவில்லை, ஊசியோடும் கோலத்தோடும் சேர்த்துத்தான் கற்றோம் என்று புரிந்தபின் கெட் பற்றிய கோபம் தணிந்துவிடும்.

இன்னொன்று எனக்கே தாமதமாகத்தான் பிடிபட்டது. "ஈட்" என்பதற்கும் "ஈட் அப்" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பெண் கேட்டார். மேலே பார்த்துச் சாப்பிடுவதா சார் என்றார். இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து ஏதோ சொன்னேன், அவர் முகத்தில் ஒளி இல்லை. அன்றிரவு வீட்டில் என் மனைவி பேரனிடம், "சாப்பிடுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் தட்டில் கடைசி இரண்டு வாய் இருக்கும்போது "சாப்பிட்டுரு" என்றாள். அவ்வளவுதான்! விடு என்ற துணைவினை நமக்குச் செய்யும் வேலையை அங்கே அப் செய்கிறது. குடி, குடிச்சுரு. "டிரிங்க்", "டிரிங்க் அப்". மிச்சம் வைக்காமல் முடி என்று பொருள். எல்லா அப்புக்கும் இது பொருந்தாது, "லுக் அப்" என்றால் வேறு. ஆனாலும் அடுத்த நாள் அந்தப் பெண் கண்ணில் வந்த ஒளிக்காக ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம்.

எழுத்து விஷயத்தில் தமிழ் காலை வாரும், அதையும் சொல்ல வேண்டும். மாணவர்கள் ஆங்கிலத்தைத் தமிழில் எழுதிவைத்துப் படிப்பார்கள். நானே இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். 'பேக்' என்று எழுதினால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, கேக் சுடுவதா? நாலுக்கும் ஒரே எழுத்து. 'கோட்' என்றால் ஆடு, மேல்சட்டை இரண்டும். ஒலி நம் வாயில் இல்லாமல் இல்லை. ஒரே 'ப'வைப் பல்லில் ஒரு மாதிரியும் தம்பியில் ஒரு மாதிரியும் சொல்கிறோம், சொல்வது நமக்கே தெரியாது, அவ்வளவுதான். அதனால் தம்பி என்று மூன்று தரம் சொல்லச் சொல்வேன். பிறகு 'தம்'மை மனசுக்குள் சொல்லி, மிச்சத்தை மட்டும் வெளியே விடச் சொல்வேன். தேனீயின் ஆங்கிலப் பெயரின் முதல் ஒலி சுத்தமாக வந்து விழும். தங்கம் சொல்லி 'தங்'கை விழுங்கினால் பசையின் ஆங்கிலப் பெயர். பந்தியில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து தம்பி, தம்பி என்று சொல்வதைக் கேட்டு, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் மேலே ஏறி வந்து, "யார் தம்பியைக் காணோம் சார்?" என்று கேட்டார்.

மறதிக்கு என்னிடம் ஒரு மிட்டாய் டப்பா வைத்தியம்தான் உண்டு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்து ஒரு நூல் எழுதினார். மறதியின் பெரும்பங்கு முதல் நாளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே நேற்றுச் சொன்ன முழங்கள் துண்டுச்சீட்டில் டப்பாவுக்குள் இருக்கும். இன்று வந்ததும் ஆளுக்கொன்று எடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் அதை வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். ஒப்பிக்கக் கூடாது. தடுமாறாமல் வந்த சீட்டு அடுத்த வாரத்து டப்பாவுக்குப் போகும், தடுமாறியது நாளைக்கே திரும்ப வரும். முப்பது நாளில் ஆங்கிலம் என்று அட்டையில் போட்ட புத்தகங்கள் என் அலமாரியிலும் இருக்கின்றன. அவற்றில் நல்ல வாக்கியங்கள் உண்டு. முப்பத்தோராம் நாள் என்ன செய்வது என்றுதான் ஒன்றிலும் இல்லை.

சென்னையில் நான் சொன்ன 'எஸ்'ஸுக்கு இரண்டு வேர் இருந்தது. ஒன்று மைண்ட். இன்னொன்றைக் கண்டுபிடிக்க வகுப்பில் வருடக்கணக்காயிற்று. "நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டால், சாப்பிடாதவர் தமிழில் "ஆமா, சாப்பிடல" என்பார். கேட்டவர் நினைத்தது சரி என்று அந்த ஆமாவுக்கு அர்த்தம். ஆங்கிலக்காரர் "நோ, ஐ ஹேவ்ன்ட்" என்பார். அவருக்குக் கேட்டவரின் நினைப்பு முக்கியமில்லை, சாப்பாடு நடந்ததா இல்லையா என்பதே கணக்கு. நாம் மனிதருக்குப் பதில் சொல்கிறோம், அவர்கள் நடந்ததற்குப் பதில் சொல்கிறார்கள். நர்சுகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. "ஹேவ்ன்ட் யூ கிவன் த டேப்லட்?" என்று டாக்டர் கேட்கும்போது கொடுக்காத நர்ஸ் "எஸ் டாக்டர்" என்றால், அந்த நோயாளிக்கு அன்று மாத்திரை இல்லை. அதனால் ஒரு வேலி போட்டிருக்கிறேன்: 'இல்லையா' என்று முடியும் கேள்விக்கு எஸ், நோ இரண்டில் எதையும் தனியாகச் சொல்லாதே. "ஐ ஹேவ் கிவன் இட்", "ஐ ஹேவ்ன்ட் யெட்" என்று முழமாகச் சொல். எஸ் தப்பினாலும் வால் காப்பாற்றும்.

வெளிநாடு போகிற நர்சுகளின் முழங்கள் தனி நோட்டு ஆகிவிட்டன. பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் வேறு, வார்டில் கேட்கிற ஆங்கிலம் வேறு. இங்கிலாந்தில் ஊசி குத்துமுன் "ஷார்ப் ஸ்க்ராட்ச்" என்பார்களாம். நம்மூரில் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்போமே, அந்தப் பக்கத்தில் அதை ஏற்றிவிட்டேன். "பாப் யுவர் ஸ்லீவ் அப்", "பாப் ஆன் த பெட்" என்று எதற்கெடுத்தாலும் பாப். நம் 'கொஞ்சம்' செய்யும் வேலை, பாரத்தைக் குறைத்துச் சொல்வது. இங்கிருந்து போன ஒரு பெண் முதல் வாரத்தில் அழாத குறையாகக் குரல் பதிவு அனுப்பினார். "சார், பார்க்கிறவங்க எல்லாம் 'யூ ஆல் ரைட்?'னு கேக்குறாங்க. என் முகம் அவ்வளவு வாடிப்போயா இருக்கு?" அது அங்கே வெறும் வணக்கம்மா, நம்மூர் 'சாப்டாச்சா' மாதிரி, பதில் எதிர்பார்க்க மாட்டார்கள், நீயும் அதையே திருப்பிச் சொல் என்று பதில் போட்டேன்.

போன மாதம் அவரிடமிருந்து இன்னொரு பதிவு. "சார், வார்டுல ஒரு தாத்தா. தினம் காலையில எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, 'மஸ்ன்ட் கிரம்பிள்'னு சொல்றார். குறை சொல்லக்கூடாதுன்னு அர்த்தம் வருது. நான் அவரைக் குறை சொன்னேன்னு நினைக்கிறாரா?"

எனக்கும் அது புதுசு. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, பழைய பிரிட்டிஷ் நாடகங்கள் சிலவற்றைக் கேட்டுப் பார்த்தேன். வயதானவர்கள் சொல்கிறார்கள். பெருமூச்சு விட்டு, பாதிச் சிரிப்போடு. உடம்பில் வலி இருக்கிறது, ஆனால் அதை உன் தலையில் கட்ட மாட்டேன் என்கிற தொனி. அடடா, இது நமக்குத் தெரிந்த ஆள்தான். வத்தலக்குண்டு ரோட்டில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

நோட்டில் 'ஏதோ ஓடுது' என்று ஒரு பக்கம் பல வருடமாக ஒற்றை வரியோடு கிடந்தது. அதன் கீழே தாத்தாவின் முழத்தை எழுதிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன்: "அவர் 'ஏதோ ஓடுதும்மா'ங்கிறார். நம்மூர்த் தாத்தா அப்படிச் சொன்னா என்ன செய்வே?"

உடனே பதில் வந்தது. "பக்கத்துல உக்காந்து கால் எப்படி இருக்குன்னு கேப்பேன் சார்."